இருவழி ஒலிபெருக்கி: ஒலிப்பான்களையும் பிரிப்புச் சுற்றையும் தேர்ந்தெடுக்கும் முறை

பள்ளிக்கூடம் ஒன்றிற்கு ஒலிபெருக்கி தேவைப்படுகிறது. அதனைத் தாமே செய்துவிட எண்ணிய ஆசிரியர், கடைக்குச் சென்று 12 அங்குல ஊஃபர் ஒன்று, சிறிய ட்வீட்டர் ஒன்று, “8 ஓம், இருவழி” என அச்சிடப்பட்ட கிராஸ்ஓவர் பலகை ஒன்று ஆகியவற்றை வாங்கி வருகிறார். மரப்பெட்டி செய்து பொருத்துகிறார். ஓசை பெரிதாகவே எழுகிறது. ஆயினும் பக்க வரிசைகளில் அமர்ந்துள்ள பிள்ளைகளுக்குச் சொற்கள் தெளிவாக விளங்குவதில்லை. ஒலியை உயர்த்தினால் இரைச்சல் மிகுகிறதேயன்றித் தெளிவு மிகுவதில்லை. சில நாட்களில் ட்வீட்டரும் கருகிவிடுகிறது. வாங்கிய பொருள்கள் தரமற்றவை என்று அவர் முடிவு கட்டுகிறார்.

உண்மையில் அம்மூன்று பொருள்களும் தனித்தனியே நல்லவையாக இருந்திருக்கக் கூடும். அவை ஒன்றுக்கொன்று பொருந்தாமையே குறை. ஊஃபரும் ட்வீட்டரும் எந்த அதிர்வெண்ணில் சந்திக்க வேண்டும் என்பதை அவ்விரு ஒலிப்பான்களின் இயல்பே முடிவு செய்கிறது. பலகையில் அச்சிட்ட எண் முடிவு செய்வதில்லை. இந்த உண்மையை அடிப்படையாகக் கொண்டு, வகுப்பறைக்கும் சிறு கூடத்திற்கும் ஏற்ற இருவழி ஒலிபெருக்கி ஒன்றைத் திட்டமிடும் முறை இப்பாடத்தில் விளக்கப்படுகிறது.

1. ஓர் ஒலிப்பான் போதாமைக்குக் காரணம்

இன்று வழங்கும் ஒலிப்பான்களிற் பெரும்பாலானவை, 1925 இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகிய இருவரும் விளக்கிய அமைப்பையே அடியொற்றியவை. காந்தப் புலத்தில் தொங்கும் கம்பிச் சுருள் ஒன்றில் மின்னோட்டம் மாறி மாறிப் பாயும்போது, சுருளும் அதனோடு ஒட்டப்பட்ட கூம்பும் முன்னும் பின்னும் அசைகின்றன. அவ்வசைவே காற்றில் ஒலி அலைகளை எழுப்புகிறது. இச்சுருளைத் தொழிலாளர் வாய்ஸ் காயில் என்பர்.

தாழ்ந்த ஒலிகளை எழுப்ப மிகுந்த காற்றைத் தள்ளுதல் வேண்டும். அதிர்வெண் பாதியாகக் குறையும்போது, அதே அளவு ஒலி அழுத்தத்தைப் பெறக் கூம்பின் அசைவு நான்கு மடங்காக வேண்டும். ஆகவே தாழொலிக்குப் பரந்த கூம்பும் நீண்ட அசைவும் இன்றியமையாதவை. உயர்ந்த ஒலிகளுக்கோ விரைவாக அசையக்கூடிய, எடை குறைந்த, சிறிய பரப்பு வேண்டும். இவ்விரு தேவைகளும் ஒன்றுக்கொன்று முரணானவை. எனவேதான் வேலை இரண்டாகப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. தாழொலியையும் நடுவொலியையும் ஊஃபர் ஏற்கிறது; உயரொலியை ட்வீட்டர் ஏற்கிறது. வரும் மின்குறிப்பை இரண்டிற்கும் பிரித்தனுப்பும் சுற்றே பிரிப்புச் சுற்று, அதாவது கிராஸ்ஓவர்.

2. ஊஃபரின் மேல் எல்லை

ஒலியின் வேகம் வெப்பநிலைக்கேற்பச் சிறிது மாறும். கணக்கிற்கு நொடிக்கு 344 மீட்டர் எனக் கொள்ளலாம். வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 344 ஹெர்ட்ஸில் அலைநீளம் 1 மீட்டர். 3,440 ஹெர்ட்ஸில் 10 சென்டிமீட்டர்.

கூம்பின் விட்டத்தைக் காட்டிலும் அலைநீளம் மிகப் பெரிதாக இருக்கும்வரை ஒலி எல்லாத் திசைகளிலும் ஏறத்தாழச் சமமாகப் பரவுகிறது. அலைநீளம் குறைந்து கூம்பின் விட்டத்தை நெருங்கும்போது, ஒலி கைவிளக்கின் கதிர்போல நேர்முன்னே குவிகிறது. நேரே அமர்ந்தவர் கேட்கும் ஒலி பக்கத்தில் அமர்ந்தவரை எட்டாது. இக்குவிதலைத் தவிர்க்க, அலைநீளம் கூம்பின் பயன்படு விட்டத்திற்குச் சமமாகும் அதிர்வெண்ணை ஊஃபரின் மேல் எல்லையாகக் கொள்ளுதல் எளிய விதியாகும். அதற்கும் கீழே நிறுத்திக்கொள்வது இன்னும் நன்று.

விட்டத்தை அளக்கும்போது இரும்புச் சட்டத்தின் அளவை எடுத்தல் கூடாது. கூம்பின் ஒரு பக்கத்து ரப்பர் விளிம்பின் நடுவிலிருந்து எதிர்ப்பக்க விளிம்பின் நடுவரை அளத்தல் வேண்டும். வழக்கமான அளவுகளுக்கு இவ்வெல்லைகள் பின்வருமாறு அமையும்.

6.5 அங்குல ஊஃபர்: பயன்படு விட்டம் ஏறத்தாழ 13 செ.மீ.; மேல் எல்லை ஏறத்தாழ 2,650 ஹெர்ட்ஸ்.
8 அங்குல ஊஃபர்: ஏறத்தாழ 16.5 செ.மீ.; 2,080 ஹெர்ட்ஸ்.
10 அங்குல ஊஃபர்: ஏறத்தாழ 21 செ.மீ.; 1,640 ஹெர்ட்ஸ்.
12 அங்குல ஊஃபர்: ஏறத்தாழ 26 செ.மீ.; 1,320 ஹெர்ட்ஸ்.

ஊஃபர் பெரிதாகப் பெரிதாக அதன் மேல் எல்லை தாழ்ந்துகொண்டே செல்வதைக் காண்க. பெரிய ஊஃபரே சிறந்தது என்னும் பொது எண்ணம் இருவழி அமைப்பில் பொருந்தாது. மேலும், உயர் அதிர்வெண்களில் கூம்பு முழுவதும் ஒரே தகடுபோல அசையாது, பகுதி பகுதியாக மடங்கி அதிரத் தொடங்கும். விவரத்தாளில் உள்ள வரைகோட்டில் இது கூரிய மேடுபள்ளங்களாகத் தோன்றும். அம்மேடுகள் தொடங்கும் இடத்திற்குக் கீழேயே ஊஃபரின் வேலை முடிந்துவிட வேண்டும்.

3. ட்வீட்டரின் கீழ் எல்லை

ஒவ்வோர் ஒலிப்பானுக்கும் இயல்பான ஒத்ததிர்வு அதிர்வெண் ஒன்று உண்டு. அதற்குக் கீழே ட்வீட்டரின் ஒலி விரைந்து குறைகிறது, அசைவோ மிகுகிறது. 25 மில்லிமீட்டர் கவிகை வடிவ ட்வீட்டரின் கவிகை நேராக அசையக்கூடிய தொலைவு ஒரு மில்லிமீட்டரிலும் குறைவே. அந்த எல்லையை மீறும்போது ஒலி கரகரக்கிறது. மெல்லிய சுருள் சூடேறிக் கருகுகிறது.

எனவே ட்வீட்டரைப் பயன்படுத்தத் தொடங்கும் அதிர்வெண் அதன் ஒத்ததிர்வுக்குக் குறைந்தது ஒரு ஸ்தாயி மேலே, அதாவது இருமடங்காக இருத்தல் வேண்டும். நல்ல கவிகை ட்வீட்டர்களின் ஒத்ததிர்வு பெரும்பாலும் 600 முதல் 1,500 ஹெர்ட்ஸ் வரை அமைகிறது. ஒத்ததிர்வு 1,000 ஹெர்ட்ஸ் எனில் 2,000 ஹெர்ட்ஸே அதன் கீழ் எல்லை.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, ட்வீட்டர்மீது “100 வாட்” என எழுதியிருப்பது அச்சிறு சுருள் 100 வாட் தாங்கும் என்று பொருள்படாது. தக்க பிரிப்புச் சுற்றுடன் 100 வாட் அமைப்பு ஒன்றில் அதனைப் பயன்படுத்தலாம் என்பதே அதன் பொருள். பேச்சிலும் இசையிலும் ஆற்றலின் பெரும்பகுதி தாழ்ந்த, நடுத்தர அதிர்வெண்களில் உள்ளமையால் ட்வீட்டருக்குச் செல்வது சிறு பங்கே. இரண்டாவது, மலிவாகக் கிடைக்கும் பீசோ ட்வீட்டரில் கம்பிச் சுருள் இல்லை. மின்சுற்றில் அது மின்தேக்கியைப்போல நடந்துகொள்ளும். பொதுவாக 3,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் அது பயன்தரும். பின்வரும் கணக்குகள் அதற்குப் பொருந்தா.

4. இரண்டும் சந்திக்கும் இடம்

ஊஃபரின் மேல் எல்லை ட்வீட்டரின் கீழ் எல்லையைவிட உயர்ந்து நிற்க வேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியே பிரிப்பு அதிர்வெண்ணுக்கு உரிய இடமாகும். அத்தகைய பகுதி இல்லையெனில் எந்தப் பிரிப்புச் சுற்றாலும் அதனை உண்டாக்க இயலாது.

தொடக்கத்தில் கூறிய பள்ளியின் நிலையை இப்போது ஆராய்க. 12 அங்குல ஊஃபரின் மேல் எல்லை 1,320 ஹெர்ட்ஸ். ட்வீட்டரின் ஒத்ததிர்வு 1,500 ஹெர்ட்ஸ் எனக் கொண்டால் அதன் கீழ் எல்லை 3,000 ஹெர்ட்ஸ். இடையே ஒரு ஸ்தாயிக்கும் மேற்பட்ட வெற்றிடம் உள்ளது. அதனை ஊஃபரே நிரப்புமாறு விட்டால் பக்க வரிசைகளுக்கு அப்பகுதி ஒலி சென்று சேராது. ட்வீட்டரைக்கொண்டு நிரப்பினால் அது கருகும்.

அவ்வெற்றிடம் அற்பமானதன்று. தொலைபேசியில் பேச்சை விளங்கச் செய்யும் பொருட்டு நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்த பட்டை 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையே ஆகும். பேச்சின் வலிமை பெரும்பாலும் உயிரெழுத்துகளில், தாழ்ந்த அதிர்வெண்களில் தங்கியுள்ளது. சொற்களின் தெளிவோ பெரும்பாலும் மெய்யெழுத்துகளில் தங்கியுள்ளது. ககரத்தையும் டகரத்தையும் தகரத்தையும் வேறுபடுத்திக் கேட்கச் செவி 1,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதியையே பெரிதும் நம்புகிறது. அப்பகுதி பக்க வரிசைகளை எட்டாதபோது பிள்ளைகள் ஓசையைக் கேட்கின்றனர், சொல்லைக் கேட்பதில்லை. ஒலியை உயர்த்தியும் பயன் விளையாமைக்கு இதுவே காரணம்.

இனி 6.5 அங்குல ஊஃபரையும், 1,000 ஹெர்ட்ஸ் ஒத்ததிர்வுடைய கவிகை ட்வீட்டரையும் எடுத்துக்கொள்க. சந்திக்கும் பகுதி 2,000 முதல் 2,650 ஹெர்ட்ஸ் வரை அமைகிறது. அதனுள் 2,400 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுக்கலாம். அங்கு அலைநீளம் 14.3 செ.மீ.

இவ்வலைநீளத்தைக் கொண்டு மற்றொன்றையும் சரிபார்த்தல் வேண்டும். இரு ஒலிப்பான்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையேயுள்ள தொலைவு ஓர் அலைநீளத்தை மீறலாகாது. மீறினால், கேட்பவர் சற்றே எழுந்தாலும் அமர்ந்தாலும் இரு ஒலிகளும் ஒன்றையொன்று அழிக்கும் இடங்கள் செவிக்கு நேராக வந்து சேரும். ஊஃபர் சட்டத்தின் விட்டம் 16.6 செ.மீ., ட்வீட்டர் சட்டத்தின் விட்டம் 10.4 செ.மீ. எனில், இரண்டையும் நெருக்கமாகப் பொருத்தும்போது நடுப்புள்ளிகளின் தொலைவு 13.5 செ.மீ. அளவில் நிற்கும். இத்தேர்வு தகுதியுடையதே.

5. உணர்திறனைப் பொருத்துதல்

விவரத்தாளில் உணர்திறன் என்பது, குறிப்பிட்ட மின்னழுத்தம் கொடுத்து 1 மீட்டர் தொலைவில் அளந்த ஒலி அழுத்தத்தை டெசிபெல்லில் கூறுவதாகும். வழக்கமான மின்னழுத்தம் 2.83 வோல்ட். இது 8 ஓமில் 1 வாட்டுக்குச் சமம். 4 ஓமில் 2 வாட் ஆகிவிடும். ஆகவே 4 ஓம் ஒலிப்பானின் எண் 3 டெசிபெல் உயர்வாகத் தோன்றக்கூடும். ஒப்பிடும்போது இதனைக் கவனித்தல் வேண்டும்.

ட்வீட்டரின் உணர்திறன் ஊஃபரினதற்குச் சமமாகவோ மிகுதியாகவோ இருத்தல் வேண்டும். மிகுதியைத் தணிப்பது எளிது. இரண்டு மின்தடைகள் போதும். குறைவை நிரப்ப வேண்டுமாயின் ஊஃபரைத் தணிக்க நேரும். அது மின்பெருக்கியின் ஆற்றலை வெப்பமாக வீணாக்குவதாகும். நம் எடுத்துக்காட்டில் ஊஃபர் 87 டெசிபெல், ட்வீட்டர் 91 டெசிபெல் எனக் கொள்க. ட்வீட்டரை 4 டெசிபெல் தணித்தல் வேண்டும்.

87 டெசிபெல் போதுமா என்னும் வினா எழலாம். திறந்த வெளியில் தொலைவு இருமடங்காகும்தோறும் 6 டெசிபெல் குறையும். 8 மீட்டரில் 18 டெசிபெல் குறைந்து 69 டெசிபெல் ஆகும். 10 வாட் கொடுத்தால் அதனோடு 10 டெசிபெல் கூடி 79 ஆகும். வகுப்பறைக்கு இது தாராளம். திடற்கூட்டத்திற்கு இவ்வகை ஒலிபெருக்கி ஏற்றதன்று.

6. பிரிப்புச் சுற்றின் வகைகள்

மின்தூண்டி, அதாவது கம்பிச்சுருள், தாழ் அதிர்வெண்களை எளிதிற் செல்லவிட்டு உயர் அதிர்வெண்களைத் தடுக்கும். மின்தேக்கி இதற்கு நேர்மாறானது. இவ்விரு பண்புகளே பிரிப்புச் சுற்றின் அடிப்படை.

ஊஃபருக்குத் தொடராக ஒரு மின்தூண்டியும் ட்வீட்டருக்குத் தொடராக ஒரு மின்தேக்கியும் வைப்பது முதல்வரிசைச் சுற்று. இது ஒரு ஸ்தாயிக்கு 6 டெசிபெல் வீதமே குறைக்கும். அமைப்பு எளிது, ஆயின் ட்வீட்டரின் ஒத்ததிர்வுப் பகுதியில் மிகுந்த ஆற்றல் கசிந்து செல்லும். ஒத்ததிர்வுக்கு ஒரு ஸ்தாயி மட்டுமே மேலே சந்திக்கும் அமைப்புக்கு இது பாதுகாப்பானதன்று.

இரண்டாம் வரிசைச் சுற்றில் ஒவ்வொரு கிளையிலும் ஒரு மின்தூண்டியும் ஒரு மின்தேக்கியும் உண்டு. ஊஃபர் கிளையில் மின்தூண்டி தொடராகவும் மின்தேக்கி பக்கமாகவும், ட்வீட்டர் கிளையில் மின்தேக்கி தொடராகவும் மின்தூண்டி பக்கமாகவும் இணைக்கப்படும். குறைவு வீதம் ஸ்தாயிக்கு 12 டெசிபெல். சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ் 1976 இல் வெளியிட்ட ஆய்வுரையை ஒட்டி லிங்க்விட்ஸ்–ரைலி எனப் பெயர் பெற்ற வகையில், பிரிப்பு அதிர்வெண்ணில் ஒவ்வொரு கிளையும் 6 டெசிபெல் தாழ்ந்து நிற்கும்; இரண்டும் ஒரே கட்டத்தில் சேரும்போது மொத்தம் சமமாகும். இரண்டாம் வரிசைச் சுற்றில் இரு கிளைகளுக்கும் இடையே 180 பாகைக் கட்ட வேறுபாடு உள்ளமையால், ட்வீட்டரின் முனைகளை மாற்றி இணைத்தல் வேண்டும்.

இரு ஒலிப்பான்களும் 8 ஓம் எனில் மொத்தம் 4 ஓம் ஆகிவிடும் என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் வேண்டுவதில்லை. பிரிப்புச் சுற்றுடன் ஒவ்வோர் ஒலிப்பானும் தன் எல்லைக்குள் மட்டுமே மின்னோட்டம் பெறுகிறது. ஆகவே மொத்தச் சுமை ஓர் ஒலிப்பானின் அளவிலிருந்து கீழே இறங்குவதில்லை.

7. 8 ஓம் என்பதன் உண்மைப் பொருள்

ஒலிப்பானின் பின்புறம் எழுதப்பட்ட 8 ஓம் ஒரு பெயர்க்குறிப்பே. ஓம்மீட்டரில் அளந்தால் 6 ஓம் அளவே காட்டும். அது கம்பியின் நேர்மின் தடை. மாறுமின்னோட்டத்தில் காணப்படும் மின்னெதிர்ப்போ அதிர்வெண்ணுக்கேற்ப மாறுகிறது. ஒத்ததிர்வில் அது பல பத்து ஓம்களாக உயர்ந்து, பின்னர் 6 அல்லது 7 ஓமுக்குத் தாழ்ந்து, வாய்ஸ் காயிலின் தூண்டல் காரணமாக மீண்டும் ஏறுகிறது.

ஊஃபரின் நேர்மின் தடை 6 ஓம், சுருளின் தூண்டல் 0.6 மில்லிஹென்றி எனில், 2,400 ஹெர்ட்ஸில் தூண்டலின் மின்மறுப்பு 9 ஓம். இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் கண்டால் மின்னெதிர்ப்பு ஏறத்தாழ 10.9 ஓம் ஆகிறது. 8 ஓம் எனக் கருதிச் செய்த ஆயத்தப் பலகை இங்கு எதிர்பார்த்தவாறு இயங்காது. பிரிக்கும் இடம் இடம்பெயரும். சில அதிர்வெண்களில் ஒலி மேடிட்டு நிற்கும்.

இதற்குப் பரிகாரம் எளிது. ஒரு மின்தடையையும் ஒரு மின்தேக்கியையும் தொடராக இணைத்து, அத்தொடரை ஊஃபரின் இரு முனைகளுக்கும் குறுக்கே வைத்தல் வேண்டும். இதனை ஸோபல் சுற்று என்பர். மின்தடை, ஊஃபரின் நேர்மின் தடைக்குச் சமமாக 6 ஓம். மின்தேக்கி, தூண்டலை அத்தடையின் வர்க்கத்தால் வகுத்த மதிப்பு. 0.6 மில்லிஹென்றியை 36 ஆல் வகுத்தால் 16.7 மைக்ரோஃபாரட். 15 மற்றும் 1.8 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகளைப் பக்க இணைப்பில் சேர்த்து இதனைப் பெறலாம். இதன்பின் பிரிப்புச் சுற்று காணும் சுமை, ஒத்ததிர்வுக்கு மேற்பட்ட பகுதி முழுவதும் ஏறத்தாழ 6 ஓமாக நிலைபெறும்.

8. கணக்கிடும் முறை

இரண்டாம் வரிசை லிங்க்விட்ஸ்–ரைலி சுற்றிற்கு உரிய விதிகள்:

மின்தூண்டி, மில்லிஹென்றியில் = 318.3 × சுமை ஓம் ÷ அதிர்வெண்.
மின்தேக்கி, மைக்ரோஃபாரட்டில் = 79,600 ÷ (சுமை ஓம் × அதிர்வெண்).

சுமை 6 ஓம், அதிர்வெண் 2,400 ஹெர்ட்ஸ் எனில், மின்தூண்டி 0.8 மில்லிஹென்றி, மின்தேக்கி 5.53 மைக்ரோஃபாரட். பின்னதற்கு 5.6 மைக்ரோஃபாரட் வாங்கலாம். அதே விதியில் சுமையை 8 ஓம் என இட்டால் 1.06 மில்லிஹென்றியும் 4.15 மைக்ரோஃபாரட்டும் வரும். பெயர்க்குறிப்பை நம்பினால் எவ்வளவு பிழை நேரும் என்பதை இவ்வொப்பீடு காட்டும்.

ட்வீட்டரைத் தணிக்கும் இரு மின்தடைகளும் சுமையை மாற்றாமல் அமைதல் வேண்டும். ட்வீட்டரின் மின்னெதிர்ப்பு பிரிப்பு அதிர்வெண்ணில் 6 ஓம் எனக் கொள்க. 4 டெசிபெல் குறைவு என்பது மின்னழுத்தத்தை 0.631 மடங்காக்குவதாகும். தொடர் மின்தடை 6 × (1 − 0.631) = 2.2 ஓம். ட்வீட்டருக்குக் குறுக்கே வரும் மின்தடை 6 × 0.631 ÷ 0.369 = 10 ஓம் அளவு. இவ்விரண்டும் ட்வீட்டரும் சேர்ந்து மீண்டும் 6 ஓமாகவே தோன்றும். ஆதலால் ட்வீட்டர் கிளைக்கும் முன்னர்க் கண்ட 5.6 மைக்ரோஃபாரட்டும் 0.8 மில்லிஹென்றியுமே போதும்.

9. பெட்டி

ஊஃபருக்கு ஏற்ற பெட்டியின் கொள்ளளவைக் கணக்கிட, ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961 இல் வெளியிட்டதும், ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் விரித்ததுமான முறை இன்று எங்கும் வழங்குகிறது. விவரத்தாளில் ஒத்ததிர்வு அதிர்வெண், மொத்தத் தரக்காரணி, சமானக் காற்றுக் கொள்ளளவு ஆகிய மூன்றையும் காண்க. அவை முறையே 45 ஹெர்ட்ஸ், 0.40, 25 லிட்டர் எனில், மூடிய பெட்டியில் தரக்காரணி 0.707 ஆக அமைய, 0.707 ஐ 0.40 ஆல் வகுத்து, வர்க்கமாக்கி, 1 ஐக் கழிக்க 2.12 வரும். 25 ஐ இதனால் வகுத்தால் 11.8 லிட்டர். பெட்டியில் ஒத்ததிர்வு 80 ஹெர்ட்ஸ் அளவுக்கு உயரும். பேச்சுக்கும் பாடலுக்கும் இது போதும்.

உள் அகலம் 18, உயரம் 30, ஆழம் 24 செ.மீ. எனக் கொண்டால் கொள்ளளவு 13 லிட்டருக்குச் சற்றுக் குறையும். ஊஃபரின் பின்பகுதியும் சுற்றும் அடைக்கும் இடம் போக 12 லிட்டர் எஞ்சும். 18 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை ஏற்றது. மூட்டுகளில் காற்றுக் கசிதல் கூடாது.

10. உறுப்புகளை வாங்குவதும் கட்டுவதும்

கையிலுள்ள பணத்தை முதலில் ஒலிப்பான்களுக்குச் செலவிடுக; அவற்றிலும் விவரத்தாள் கிடைக்கும் ஒலிப்பான்களையே வாங்குக. அளவுகள் தெரியாத ஒலிப்பான் எவ்வளவு மலிவாயினும் அதனைச் சுற்றித் திட்டமிடுதல் அரிது.

தொடர் மின்தூண்டியை 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள எனாமல் பூசிய செம்புக் கம்பியால், உள்ளீடற்ற காற்றுச் சுருளாகச் சுற்றுதல் நன்று. அதன் தடை அரை ஓமுக்குக் கீழே இருத்தல் வேண்டும். இரண்டு சுருள்களையும் தள்ளி, ஒன்றின் அச்சு மற்றதற்குச் செங்குத்தாக இருக்குமாறு வைக்காவிடில் ஒன்றின் காந்தப்புலம் மற்றதைத் தாக்கும். மின்தேக்கிகள் படலவகையினவாக இருத்தல் நன்று. நேர்–எதிர் முனை குறிக்கப்பட்ட சாதாரண மின்பகு மின்தேக்கியை ஒருபோதும் இங்கு இணைத்தல் கூடாது; மாறுமின்னோட்டத்தில் அது சூடேறிக் கெடும். மின்தடைகள் 10 வாட் அளவினவாக இருத்தல் வேண்டும்.

11. சோதனை

முதலில் ஊஃபரின் முனையை உறுதி செய்க. 1.5 வோல்ட் மின்கலத்தின் நேர்முனையை ஊஃபரின் நேர்முனையில் ஒரு கணம் தொட்டால் கூம்பு வெளிநோக்கி அசைய வேண்டும். இச்சோதனையை ட்வீட்டரில் செய்தல் வேண்டா. சோதிக்கும் வேளையிலும், தொடர் மின்தேக்கி இல்லாமல் ட்வீட்டரை மின்பெருக்கியுடன் இணைத்தல் கூடாது.

அடுத்து, ஒலிபெருக்கியைத் திறந்த வெளியில், தரையிலிருந்து உயர்த்தி நிறுத்துக. 2,400 ஹெர்ட்ஸ் ஒலியை மெல்லிதாகக் கொடுத்து, 1 மீட்டர் தொலைவில், இரு ஒலிப்பான்களுக்கும் நடுவான உயரத்தில், ஒலிமானியாலோ கைப்பேசிச் செயலியாலோ அளவிடுக. பின்னர் ட்வீட்டரின் முனைகளை மாற்றி மீண்டும் அளவிடுக. ஓர் இணைப்பில் ஒலி நிறைவாகவும் மற்றதில் வெகுவாகக் குறைந்தும் இருத்தல் வேண்டும். நிறைவான இணைப்பே சரியானது. குறைவு ஆழமாக இருக்குமளவுக்கு இரு ஒலிப்பான்களும் கட்டத்திலும் வலிமையிலும் நன்கு பொருந்தியுள்ளன என்று அறியலாம்.

கணக்கிட்ட மதிப்புகள் தொடக்கமே, முடிவல்ல. ஊஃபரின் கூம்பு ட்வீட்டரைவிடச் சற்றுப் பின்னே அமைந்துள்ளது. அத்தொலைவு 2.4 செ.மீ. எனில், 2,400 ஹெர்ட்ஸில் அது 60 பாகைக் கட்ட வேறுபாடாகும். ஒலிப்பான்களின் இயல்பான ஏற்ற இறக்கங்களும் இதனோடு சேரும். எனவே அளந்து பார்த்து, மின்தேக்கியையோ மின்தூண்டியையோ சிறிது சிறிதாக மாற்றி ஒழுங்கு செய்தல் வேண்டும். இறுதியாக, ஒருவரைச் செய்தித்தாள் படிக்கச் செய்து, கேட்பவர் பக்க வரிசைகளிலும் கடைசி வரிசையிலும் அமர்ந்து கேட்டல் வேண்டும். நேர்முன்னே அமர்ந்து கேட்டது மட்டும் சோதனையாகாது.

வகுப்பறைப் பயிற்சி

ஒலிப்பான் ஒன்றுடன் 1,000 ஓம் மின்தடையைத் தொடராக இணைத்து, அலைவியற்றியிலிருந்து 1 வோல்ட் கொடுக்கச் செய்க. சுற்றில் ஏறத்தாழ 1 மில்லிஆம்பியர் பாயும். ஆகவே ஒலிப்பானின் குறுக்கே காணும் ஒவ்வொரு மில்லிவோல்ட்டும் ஏறத்தாழ 1 ஓமைக் குறிக்கும். 20 ஹெர்ட்ஸ் முதல் படிப்படியாக உயர்த்தி, மாணவர் வரைபடத்தாளில் மின்னெதிர்ப்பை வரைதல் வேண்டும். உச்சம் காணும் இடமே ஒத்ததிர்வு. எளிய மீட்டர்கள் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் பிழையாகக் காட்டக்கூடுமாதலால், அலைவுகாட்டி இருப்பின் அதனையே பயன்படுத்துக.

வினாக்கள்

1. 8 அங்குல ஊஃபருடன் சேர்க்கத்தக்க ட்வீட்டரின் ஒத்ததிர்வு அதிகமாக எவ்வளவு இருக்கலாம்?
2. சுமை 6 ஓம், பிரிப்பு அதிர்வெண் 2,000 ஹெர்ட்ஸ் எனில் இரண்டாம் வரிசைச் சுற்றின் மதிப்புகளைக் காண்க.
3. ஊஃபர் 90, ட்வீட்டர் 88 டெசிபெல் உணர்திறன் உடையன. இவ்விணையை ஏன் தவிர்த்தல் வேண்டும்?
4. மின்பெருக்கியின் ஆற்றலை இருமடங்காக்கினால் பக்க வரிசையினரின் குறை தீருமா? காரணம் கூறுக.

நான்காம் வினாவிற்கு மாணவர் தாமாகவே விடை கூறிவிட்டால் இப்பாடத்தின் நோக்கம் நிறைவேறியதாகக் கொள்ளலாம். தேர்ந்தெடுக்கும் வரிசையையும் அவர்கள் மறவாதிருத்தல் வேண்டும்: முதலில் கேட்போர் அமரும் இடம், அதற்கேற்ற ஒலிப்பான்கள், அவை சந்திக்கும் அதிர்வெண், அதன் பின்னரே பிரிப்புச் சுற்று.